இரண்டாவது பயணம்: ஸ்கடர் தம்பதியர்

முதற் பயணத்தை இளமையின் உற்சாகம் தூண்டலாம். ஆனால் பட்ட துன்பங்களை எல்லாம் அறிந்த பின்னர், முதுமையின் வாயிலில் நின்று மீண்டும் அதே பயணத்தை மேற்கொள்வது எல்லோராலும் இயலக்கூடியதன்று. யாழ்ப்பாண மண்ணோடு தொடர்புடைய ஜோன் ஸ்கடர், ஹரியட் தம்பதியரின் வரலாறு அத்தகையது.

1793 ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்திலே பிறந்த ஸ்கடர், நியூயோர்க்கில் வைத்தியராகச் சிறப்புற்றிருந்தார். நோயாளி ஒருவரின் இல்லத்தில் வாசிக்க நேர்ந்த சிறு பிரசுரம் ஒன்று அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. தந்தையாரின் எதிர்ப்பையும் மீறி, 1819 இல் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் கப்பலேறினார். கல்கத்தாவை அடைந்த சில நாட்களிலேயே குழந்தை இறந்தது. அந்தத் துயரோடுதான் அவர்கள் யாழ்ப்பாணத்தில் காலடி வைத்தனர்.

வெளிநாடு சென்ற முதலாவது அமெரிக்க மருத்துவ மிஷனரியாகக் கருதப்படும் ஸ்கடர், பண்டத்தரிப்பைத் தமது பணித்தளமாகக் கொண்டார். ஆங்கு நோயாளருக்கு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் கிடைத்தன. 1836 இல் அச்சகப் பணிக்காக அவர் சென்னைக்கு மாறினார்.

உடல்நலம் குன்றியதால் 1842 இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. ஸ்கடர் ஆங்கும் ஓய்ந்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பல்லாயிரம் சிறுவர்களிடம் மிஷன் பணி பற்றிப் பேசினார். தாயகத்திலேயே தங்கியிருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள். எனினும் ஐம்பது வயதைக் கடந்த தம்பதியர், படிக்கும் வயதிலிருந்த புதல்வர்களை அமெரிக்காவில் விட்டு, 1846 இன் இறுதியில் மீண்டும் கப்பலேறினர். மறு ஆண்டு இந்தியாவை அடைந்த ஸ்கடர், சிறிது காலம் மதுரையிலும் பின்னர் சென்னையிலும் பணிபுரிந்தார்.

அம்முடிவின் விலை பெரிது. 1849 நவம்பரில் ஹரியட் அம்மையார் சென்னையிலே காலமானார். மிஷன் வரலாறுகள் கணவரின் பெயரையே பெரிதாகப் பொறித்துள்ளன. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த பாதையில் இரண்டாம் முறையும் செல்ல இசைந்த தாயின் உறுதி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. நோய்வாய்ப்பட்ட ஸ்கடர், சுகம் தேடிச் சென்ற தென்னாபிரிக்காவின் வைன்பேர்க் நகரில் 1855 ஜனவரியில் உயிர்நீத்தார்.

இவர்களது பணியின் நோக்கம் மதமாற்றமாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சைவ சமயத்தவர் இத்தகைய மிஷன்களின் பிரசாரத்தை எதிர்த்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அக்கருத்து வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே, நோயாளியின் அருகில் நின்ற மனிதரின் சேவையையும் நாம் மதிக்கலாம்.

எஞ்சியிருந்த ஏழு புதல்வர்களும் இந்தியாவில் மிஷன் பணியாற்றினர். இலங்கையில் பிறந்த இளைய மகனின் மகளே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர். முதல் முறை புறப்பட்டபோது, தமக்கு எத்தகைய இழப்புகள் நேரும் என்பதை அத்தம்பதியர் அறிந்திருக்கவில்லை. இரண்டாம் முறை அவற்றை அறிந்தே புறப்பட்டனர். அவர்களது பெருமை அதில்தான் அடங்கியுள்ளது.