ஹாண்டெலும் டப்ளின் ஒத்திகையும்

ஜார்ஜ் பிரெடெரிக் ஹாண்டெல் 1685-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் இரண வைத்தியர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். மகன் நியாயசாஸ்திரம் கற்கவேண்டுமெனத் தந்தை விரும்பியும், சங்கீதமே அவரை ஆட்கொண்டது. இலண்டனில் அவரியற்றிய இத்தாலிய இசைநாடகங்கள் முதலிற் பெரும்புகழும் பின்னர்ப் பெருநட்டமும் தந்தன. 1741-ம் ஆண்டில் ஏறக்குறைய 24 நாட்களில் மேசியா என்னும் பெருங்கீதத்தை எழுதி முடித்து, அதனுடன் அயர்லாந்துக்குப் புறப்பட்டார்.

எதிர்க்காற்றினாற் கப்பலேற இயலாது வழியிற் செஸ்டர் நகரில் தங்கியபோது, அவ்வூர்ப் பாடகர் சிலரைக் கூட்டி ஒத்திகை பார்த்தார். அவர்களுள் அச்சுத்தொழிலாளி ஒருவர் பலமுறை தடுமாறவே, ஹாண்டெல் வெகுண்டார். பார்த்தவுடன் பாடத் தமக்குத் தெரியும், ஆனால் முதற்பார்வையிலேயே அன்று என அவர் விடையளித்தாராம். பாடற்குழுவில் நின்றறிந்த நாம் அவரைக் குறைகூறத் துணியோம்.

டப்ளினில் நேர்ந்த இடரே பெரிது. கல்லிவரின் யாத்திரையை எழுதிய ஸ்விப்ட் அங்குத் தூய பாட்ரிக் பேராலயத்து டீன். முதுமையால் மனந்தளர்ந்திருந்த அவர், 1742 ஜனவரியில், தம் பாடகர் வெளியே பாடலாகாதெனத் தடுத்தார். ஆலயப் பாடகரின்றிக் குழுப்பாடல்கள் எங்ஙனம் ஒலித்திருக்கும்! நினைக்கையில் இன்றும் நாம் துணுக்குறுகிறோம். நல்லவேளையாகத் தடை நீங்கிற்று. ஏப்ரல் 9-ந் தேதி ஒத்திகைக்கே மக்கள் திரண்டனர். 13-ந் தேதி அரங்கேற்றம்; இடநெருக்கடியால், மகளிர் வளையப் பாவாடையும் ஆடவர் வாளுமின்றி வருமாறு வேண்டப்பட்டனர். சுமார் 700 பேர் கேட்டனர். கிடைத்த ஏறக்குறைய 400 பவுன் இரு மருத்துவசாலைகளுக்கும் சிறைக்கடனாளிகளுக்கும் பகிரப்பட, 142 கடனாளிகள் விடுதலையாயினர்.

பின்னாளிற் கண்ணொளியிழந்த ஹாண்டெல், 1759 ஏப்ரல் 6-ந் தேதி இலண்டனில் மேசியாவை இறுதியாகக் கேட்டு, எட்டு நாட்களிற் காலமானார்.