திருவட்டாறு தந்த திரைப் பாடகர்

கழக்கூட்டம்: மலையாளத் திரையுலகில் 1950, 60-களில் புகழுடன் விளங்கிய பின்னணிப் பாடகர் கமுகரா புருஷோத்தமன், குமரி மாவட்டம் திருவட்டாறில் 1930-ல் பிறந்தவர். கர்நாடக இசை பயின்ற அவர், 1953-ல் 'பொன்கதிர்' படத்தில் முதன்முதலாகப் பாடினார்.

1955-ல் வெளியான மெரிலாண்டு ஸ்டூடியோவின் 'ஹரிச்சந்திரா' அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது. சுடலைக் காட்சியில் ஒலிக்கும் அந்தத் தத்துவப் பாடலுக்கு இசை பிரதர் லட்சுமணன். எழுதிய திருநயினார்குறிச்சி மாதவன் நாயரும் குமரி மண்ணைச் சேர்ந்தவரே. மறு ஆண்டு, 1956 நவம்பர் 1-ல், அந்த மண் தமிழகத்துடன் இணைந்தது. கமுகராவின் மலையாளப் பாட்டு நிற்கவில்லை.

1961-ல் 'பக்த குசேலா'விலும் 1964-ல் பாபுராஜ் இசையமைத்த 'பார்கவி நிலையம்' படத்திலும் அருமையாகப் பாடினார். ஆனால் 'பார்கவி நிலையம்' என்றதும் ரசிகர்கள் யேசுதாஸ் பாட்டைத்தான் முதலில் சொல்வார்கள். அதே படத்தில் தனிமையின் துயரத்தை உருகிப் பாடிய கமுகராவின் பாட்டு பின்னுக்குப் போயிற்று.

பாடல் பதிவுகள் பெரும்பாலும் சென்னையில் நடந்த காலம் அது. கமுகராவோ திருவட்டாறில் பள்ளி ஆசிரியர், பின்னர் தலைமையாசிரியர். திரைப் புகழுக்காக அந்த வேலையை அவர் உதறிவிடவில்லை. புதுக் குரல்கள் வந்தபின் வாய்ப்புகள் குறைந்தன. 1995-ல் காலமானார்.

'ஹரிச்சந்திரா' பாட்டை மக்கள் மறக்கவில்லை. அறுபதுகளில் அவர் பாடிய மற்ற பாடல்களும் கேட்கத் தக்கவையே. சம்பள வேலையோடு கலையையும் காத்த அவரது வாழ்க்கை, எல்லை கடந்து வேலைக்கு வரும் நம்மவர்க்கு நன்கு புரியும்.