குமாரன் ஆசானைப் பறித்த படகு: 100 வருஷம் கடந்தும் தொடரும் அதே தப்பு!

ஆலப்புழா ட்ரிப் போயிட்டு வந்தவங்க போன்ல ஹவுஸ்போட் செல்ஃபி ஒண்ணாவது இருக்கும். அந்த ஆலப்புழாவுக்கும் கொல்லத்துக்கும் நடுவுல இருக்கிற நீர்வழியில்தான், 1924 ஜனவரி 16 அன்று மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் படகு கவிழ்ந்து இறந்தார். அப்போ அவருக்கு வயசு 50.

யார் இந்த ஆசான்?

1873 ஏப்ரல் 12. திருவனந்தபுரம் பக்கத்துல அஞ்சுதெங்கு அருகே காயிக்கரை என்ற கடலோர கிராமத்தில், ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். கோயிலுக்குள் நுழைய மட்டுமில்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவும் ஈழவர்களுக்குத் தடை இருந்த காலம் அது. இளம் வயதிலேயே ஸ்ரீ நாராயண குருவின் சீடரானார். சமஸ்கிருதம் படிக்க பெங்களூரு, சென்னை, கல்கத்தா என்று போய் வந்தார்.

1903-ல் எஸ்.என்.டி.பி. யோகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் செயலாளர் ஆசான்தான். அடுத்த வருஷமே 'விவேகோதயம்' பத்திரிகையின் ஆசிரியர். திருவிதாங்கூர் பிரஜா சபையில் உறுப்பினராகி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசினார்.

இதுக்கு நடுவுலதான் கவிதையும். 1907-ல் பாலக்காட்டில் எழுதிய 'வீண பூவு', உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைப் பற்றியது. மலையாளக் கவிதையின் போக்கையே மாத்தினது இந்தப் படைப்புன்னு சொல்வாங்க. 1922-ல் வந்த 'சண்டாளபிக்ஷுகி', தாகத்தோடு வந்த புத்த பிக்குவுக்குத் தண்ணீர் கொடுத்த, தீண்டத்தகாதவள் என ஒதுக்கப்பட்ட பெண்ணின் கதை. அதே வருஷம் சென்னையில் வேல்ஸ் இளவரசர் கையால் பட்டும் பொன்வளையும் பெற்றார். 1923-ல் 'கருணா' வந்தது. எழுத்தில் உச்சத்தில் இருந்த நேரம்.

அந்த இரவு என்ன நடந்தது?

ஆசான் ஏறிய படகின் பெயர் 'ரிடீமர்'. தமிழில் சொன்னா மீட்பர். இரவுப் பயணம். அளவுக்கு மீறிய கூட்டம். பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்தது. ஆசானோடு சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு சின்னப் பையன்களும் இருந்தார்கள்.

சரியா இரண்டரை மாசம் கழிச்சு, மார்ச் 30-ல் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்கான போராட்டம். பெரியார் போய் சிறை சென்றது இதுக்குத்தான். வாழ்நாள் முழுக்க எந்தச் சமத்துவத்துக்காக எழுதினாரோ, அதுக்கான போராட்டத்தைப் பார்க்க ஆசான் இல்லை.

கூட்டம் அதிகமானா படகு ஏன் கவிழுது?

எடை கூடக் கூட படகு தண்ணிக்குள்ள இறங்கும். விளிம்புக்கும் தண்ணிக்கும் உள்ள இடைவெளி குறையும். மேல்தளத்தில் ஆட்கள் நின்னா எடையின் மையம் மேலே போயிடும். அந்த நிலையில் ஒரு திருப்பம், இல்லன்னா எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தா போதும். சாய்ந்த படகு திரும்ப நிமிராது. மூடிய அறைக்குள் இருப்பவர்களுக்கு வெளியே வர நேரமே கிடைக்காது.

இது பழைய கதை இல்லை. 2002-ல் குமரகத்தில் 29 பேர். 2007-ல் தட்டேக்காட்டில் சுற்றுலா போன பள்ளிக் குழந்தைகள் உட்பட 18 பேர். 2009-ல் தேக்கடியில் 45 பேர். 2023-ல் தானூரில் 22 பேர். தானூரில் ஓடினது, மீன்பிடிப் படகை சுற்றுலாப் படகாக மாத்தி, அளவுக்கு மேல் ஆள் ஏத்தின ஒண்ணு.

சட்டம் என்ன சொல்லுது?

பிரிட்டிஷ் இந்தியாவில் 1917-லேயே உள்நாட்டு நீராவிப் படகுகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதுச் சட்டம் வந்தது. இயந்திரத்தில் ஓடும் படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சோதனை, காப்பீடு, தகுதிச் சான்று பெற்ற ஊழியர்கள், உயிர்காக்கும் சாதனங்கள் எல்லாம் இதில் வருது.

ஏறும் முன்னாடி நீங்க பார்க்க வேண்டியது

* பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் எழுதியிருக்கா? தலைகளை எண்ணிப் பாருங்க.
* எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா? குழந்தைகளுக்கு அவங்க சைஸ்ல இருக்கா? கையில வெச்சுக்கிட்டா பிரயோஜனம் இல்லை, போட்டு பக்கிளை மாட்டுங்க.
* யானை தெரியுதுன்னு எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீங்க.
* இருட்டின பிறகு உல்லாசப் பயணம் வேண்டாம்.
* நீங்களே படகு ஓட்டினா, எதிரே படகு வரும்போது வலப்பக்கம் ஒதுங்கணும். நம்ம ரோடு பழக்கத்துக்கு இது நேர்மாறு.

ஆசான் இறந்த இடம் இன்னிக்கு குமாரகோடி. அங்கே அவருக்கு நினைவிடம் இருக்கு. அடுத்த முறை ஆலப்புழா போனா ஒரு எட்டு போயிட்டு வாங்க. கூட்டமா இருக்கிற படகுல 'இன்னும் ரெண்டு பேர்தானே, ஏறிக்கலாம்'னு யாராவது கூப்பிட்டா, அடுத்த படகு வரும் வரை கரையிலேயே நில்லுங்க.