நோயாளரிடம் பாடம் கற்ற வைத்தியர்

மனம் நொந்தவனுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியர், அவன் தொழும் முறையையும் கொண்டாடும் பெருநாளையும் அறிந்திருக்க வேண்டுமா? இக்கேள்விக்குத் தமது தோல்வி ஒன்றின் வாயிலாக விடை கண்டவர், உளநோய் வைத்தியர் ஃபிரான்ஸ் ஃபனோன்.

கரிபியன் கடலிலே பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக் தீவில், 1925ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி, கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து காயமுற்று, வீரப் பதக்கமும் பெற்றார். ஆயினும் தோலின் நிறம் அவரை வேற்றாளாகவே நிறுத்தியது. அந்த வேதனையை 1952இல் ஒரு நூலாக எழுதினார்.

லியோன் நகரில் மருத்துவம் பயின்றபின், செந்த் அல்பான் மனநோய் வைத்தியசாலையில் தொஸ்கெல் என்னும் வைத்தியரிடம் பயிற்சி பெற்றார். நோயாளரை அடைத்து வைக்காது, தொழில், விழா, கூட்டம், பத்திரிகை என ஒரு சமூகமாக வாழ வைப்பதே சிகிச்சை என்பதை அங்கு கற்றார்.

1953ஆம் ஆண்டு நவம்பரில், பிரெஞ்சுக் குடியேற்ற நாடாயிருந்த அல்ஜீரியாவின் பிளிடா வைத்தியசாலையிற் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் பெண்கள் 165 பேரும், முஸ்லிம் ஆண்கள் 220 பேரும் அவரது பராமரிப்பில் இருந்தனர். தாம் கற்ற முறையை இரு பகுதியாரிடத்தும் ஒரேவிதமாகக் கையாண்டார். பெண்கள் நத்தார் விழாக் கொண்டாடினர், தையல் வேலை செய்தனர், பத்திரிகைக்கு எழுதினர். அவர்களுடைய விடுதியில் உயிர்க்களை வந்தது.

முஸ்லிம் ஆண்களிடமோ யாவும் வீணாயின. கூடை பின்னச் சொன்னால், அது பெண்களின் வேலை என்று ஒதுங்கினர். நாடகத்திலும் பாட்டிலும் நாட்டங் காட்டவில்லை. அரபு மொழி அறியாத வைத்தியர் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பேசினார். மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றத்திலும் பொலிசாரிடத்திலும் மட்டுமே கண்டிருந்த அம்மக்கள் வாய் திறக்கத் தயங்கினர்.

அக்காலத்தில் அல்ஜியேர்ஸ் நகரின் உளநோய் வல்லுநர்கள் அல்ஜீரியரை மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்றே எழுதி வந்தனர். ஃபனோனும் நோயாளர் மீது பழி போட்டுத் தப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மக்களின் குடும்ப வாழ்வு, சமய வழக்கம், நோய் பற்றிய நம்பிக்கை என்பவற்றை ஆராய்ந்தார். ஐரோப்பிய வாழ்க்கை முறையை அவர்கள்மேல் திணித்தது தமது தவறே என, உதவி வைத்தியர் அசூலேயுடன் சேர்ந்து 1954இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் அவ்விடுதியின் கோலம் மாறியது. நாட்டு முறையிலான கோப்பிக்கடை ஒன்று திறக்கப்பட்டது. முஸ்லிம் பெருநாட்கள் கொண்டாடப்பட்டன. தொழுகை நடத்த மார்க்க அறிஞர் வரவழைக்கப்பட்டார். கதை சொல்லுபவர் வந்தார். உழவர்களாயிருந்தவர்கள் கையில் மண்வெட்டி கொடுக்கப்பட்டது. முகந் திருப்பியிருந்தவர்கள் மெல்ல மெல்ல மனிதரோடு சேர்ந்தனர்.

ஃபனோன் தாமே சமய அனுட்டானங்களில் ஈடுபாடு கொண்டவரல்லர். எனினும் நோயாளியின் பக்தியை நோயின் அறிகுறியாக எண்ணி ஒதுக்கவில்லை. மனநோயாளியை ஊரார் பழிக்காது, நோய் வேறு ஆள் வேறு எனக் கருதி மதிப்புடன் வைத்திருந்ததையும் 1956இல் எடுத்துக் காட்டினார். அதற்காக மருத்துவம் வேண்டாம் என்று அவர் சொல்லவுமில்லை.

1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்குள்ளானோரும், சித்திரவதை செய்த பொலிசாரும் அவரிடம் சிகிச்சைக்கு வந்தனர். மனிதரை நோயாளராக்கும் ஆட்சியின் கீழ் நோய் தீர்க்க முடியாதெனக் கண்டு, 1956இன் முடிவில் பதவி துறந்தார். நாடு கடத்தப்பட்டுத் துனிசியாவில் விடுதலை இயக்கத்துடன் இணைந்தார். வன்முறை பற்றி அவர் பின்னர் எழுதியவற்றை ஏற்காதோர் பலர். இரத்தப் புற்றுநோயால், 1961 டிசம்பர் 6ஆம் திகதி, 36ஆவது வயதில் அமெரிக்காவில் மரணமானார். அவர் விரும்பியவாறே அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். பிளிடா வைத்தியசாலை பின்னர் அவர் பெயரைப் பெற்றது.

நம் குடும்பங்களிலும் மனநோயுற்றவரை மறைத்து வைப்போர் உண்டு; செபமாலை போதும், வைத்தியர் வேண்டாம் என்போர் உண்டு; செபமாலையைக் கண்டு நகைப்போரும் உண்டு. நோயாளியின் கையிலுள்ள செபமாலையையும் மதித்து, மருந்தையும் கொடுக்கும் வைத்தியரை நாடுவோமாக. பிளிடாவில் அத்தகைய வைத்தியம், ஒருவர் தம் தவறை ஒப்புக்கொண்ட வேளையிலேதான் தொடங்கியது.