தொண்டர் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த நம்மவருக்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்னும் பெயர் புதிதன்று. ஆயினும் அப்பெயரைக் கேட்டவுடன் அவர் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவர் என்பதும், இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று வாதாடியவர் என்பதுமே நினைவுக்கு வருகின்றன. சிலருக்கோ அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் புகழ் முன்னே வந்து நின்று இளையவரை மறைத்துவிடுகின்றது. பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டிமார் சிறைக்கு அஞ்சாமல் வேலை செய்யும் நிலை வருவதற்கு இப்பெரியார் எடுத்த முயற்சியை அறிந்தோர் சிலரே. நம் சங்கத்து இளைஞர் அதனை அறிதல் வேண்டுமென்று கருதி இவ்வாண்டு மலரில் அன்னாரின் வரலாற்றை எழுத முற்பட்டோம்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் மூன்று ஆண்மக்களில் இளையவராகப் பிறந்தார். செல்வக் குடும்பம், கல்வியும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம். பின்னாளில் ரோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்று, அங்கிருந்து கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். உழைப்பாளருக்காகப் பேசிய ஆங்கில எழுத்தாளர் எட்வேர்ட் காப்பென்டரின் நட்பு அங்கே கிடைத்தது. அந்த நட்பு அருணாசலத்தின் ஆயுள்வரை நீடித்தது. 1875இல் இலங்கை சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறிய முதலாவது இலங்கையர் அவரே.

நீதிமன்றங்களிலும் கச்சேரிகளிலும் பல ஆண்டுகள் கடமையாற்றிய அவரைத் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் 1887இல் பதிவாளர் நாயகம் பதவிக்கு உயர்த்தினார். மூப்பில் முந்திய வெள்ளைக்கார உத்தியோகத்தர் பலர் இருக்க ஒரு தமிழருக்கு அப்பதவியா என்று அக்காலத்திற் பெரும் முணுமுணுப்பு எழுந்தது. அதை அவர் பொருட்படுத்தினாரில்லை. பதிவாளர் அலுவலகம் என்றால் பிறப்பையும் இறப்பையும் காணியுறுதியையும் புத்தகத்தில் எழுதி அடுக்கும் இடம் என்றே நம்மில் எவரும் எண்ணுவர். அவ்வாறன்று. ஒரு கிராமத்தில் எத்தனை குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் மாண்டன, எந்த மாதத்தில் எந்த நோய் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்று எழுதிவைத்தாலன்றி, ஆட்சியாளரிடம் ஆசுப்பத்திரி கேட்க நமக்கு வாய் ஏது? துயரம் என்று சொன்னால் கேளாத காது, தொகை சொன்னால் கேட்கும். 1901ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பும் அவர் மேற்பார்வையிலேயே நடைபெற்றது. இலங்கையின் சனத்தொகை அப்போது 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேல். தோட்டங்களில் மாத்திரம் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அத்தொகையினர் யாவரென்று அவர் அறிந்த அளவுக்கு அக்காலக் கொழும்புப் பிரமுகர் வேறு யாரும் அறிந்திருப்பரோ என்பது நமக்கு ஐயமே.

அந்த நான்கு இலட்சம் பேரின் நிலை என்ன? இன்றைய இளைஞருக்கு அதனைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்படி, வேலைக்கு வராதிருத்தலும் அறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டுப் போதலும் குற்றம். ஏனையோர் ஒப்பந்தத்தை மீறினால் அது பணவழக்கு. தோட்டத் தொழிலாளி மீறினாலோ பொலிசு, பிடிவிறாந்து, மூன்று மாதம்வரை சிறை. பெண்ணென்றும் பிள்ளையென்றும் அச்சட்டம் வேறுபாடு பார்க்கவில்லை. இதற்கு மேலே கடன். தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பேரில் எழுதப்பட்டுவிடும். ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சத அளவில் இருந்த காலம் அது. அரிசிக்குப் பிடித்தது போக மீதியில் அக்கடன் தீருவது எப்படி? வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய துரை கடனைக் கட்டுவார். கடன் புதிய தோட்டத்துக்கு மாறும். ஆளும் அதனோடு மாறுவான். ஆளை விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

நோய் வந்தால்? 1872 முதல் தோட்டங்களுக்கான மருத்துவச் சட்டங்கள் இருந்தன. 1912இல் அவை திருத்தி அமைக்கப்பட்டன. ஏட்டிலே சட்டம் இருந்தது. பெரட்டுக்கு வராதவன் நோயாளியா சோம்பேறியா என்று தீர்மானிப்பதோ துரையும் கங்காணியும். காய்ச்சலோடு லயத்திற் கிடப்பவனுக்கு மருந்துத் தண்ணீரும் கிடைக்கலாம், பிடிவிறாந்தும் கிடைக்கலாம். சுகாதாரமும் சட்டமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த விதம் இதுவே. இதனை அருணாசலம் நன்கு விளங்கிக்கொண்டார் என்பதற்கு அவர் பின்பு செய்த காரியங்களே சாட்சி.

1913இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். வயது அறுபது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் ஆக்குவதிலும் சைவ சித்தாந்த ஆராய்ச்சியிலும் எஞ்சிய காலத்தைக் கழித்திருந்தால் குறை சொல்வார் எவருமில்லை. அவற்றையும் அவர் விடவில்லை. ஆனால் 1915 சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவித் தாமே அதன் தலைவராக இருந்தார். கொழும்பின் சேரிகளுக்குள்ளே படித்த இளைஞர் இறங்கினர். இரவுப் பாடசாலை நடத்தினர். ஏழைகளுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தனர். சுகாதார விளக்கம் அளித்தனர். சம்பளமில்லாத தொண்டு. இனம் மதம் பாராத தொண்டு.

இங்கே நம் போன்ற சங்கத்தார் நின்று கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. சேரிக்குச் சென்ற தொண்டர் மருந்துப் போத்தலோடு திரும்பிவிடவில்லை. இவர்களுக்கு நல்ல வீடு ஏன் இல்லை, கூலி ஏன் போதவில்லை, பிள்ளைகள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்ற கேள்விகளை அரசாங்கத்திடமும் கொண்டுபோயினர். கொடுப்பது ஒரு தொண்டு. கொடுக்கவேண்டியவரிடம் கேட்பது இன்னொரு தொண்டு. முன்னையது எளிது, புண்ணியமும் உண்டு, படமும் பிடிக்கலாம். பின்னையதிற் பகைதான் மிகுதி. நம் மாவட்டத்திலேயே பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எத்தனை லொறி அரிசி, எத்தனை மூட்டைத் துணி! மலையகத்து இளைஞர் இரவும் பகலும் உழைத்ததை எவரும் மறக்கமாட்டார். ஆனால் அவ்விடம் ஆபத்தானதென்று கட்டட ஆய்வு நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையைக் கையிலெடுத்துக்கொண்டு, மக்களுக்கு வேறிடம் தாருங்கள் என்று கதவு கதவாகத் தட்டுவதற்கு ஒரு கூட்டம் முன்னமே திரண்டிருந்தால்! அருணாசலம் நடத்தியது அத்தகைய தொண்டு.

சேரியிலிருந்து அவர் பார்வை மலைக்குத் திரும்பியது. தோட்டத் தொழிலாளரைச் சிறையிலிடும் சட்டத்துக்கு எதிராக எழுதினார், பேசினார், ஆட்சியாளருக்கு விண்ணப்பித்தார். 1919 ஜூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கம் அவர் தலைமையில் உருவாயிற்று. மலையகத்தின் மைந்தரும் கேம்பிரிட்ஜிற் கற்றவருமான பெரி. சுந்தரம் அதன் காரியதரிசி. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய காங்கிரசு பிறந்தது. அருணாசலம் அதன் தலைவர். அரசியற் சீர்திருத்தம் கேட்ட பெருமக்களிற் பலருக்குத் தேயிலையும் றப்பரும் தென்னையும் உண்டு. அவர்கள் நடுவிலிருந்துகொண்டே கூலியாளின் சிறைத்தண்டனையை ஒழிக்கச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். தோட்டத் துரைமாரின் சங்கமோ, தண்டனை போனால் தோட்டத்தொழிலே அழியும் என்றது.

தொழில் அழியவில்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளும் அதனையடுத்து நீங்கின. இதனை அருணாசலம் ஒருவரே சாதித்தார் என்று எழுதினால் அது முகத்துதியாகும். இந்தியாவில் ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி நடந்தது. இந்திய அரசாங்கம் 1922இல் குடியகல்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் இலங்கை அரசாங்கமும் இணங்கவேண்டியதாயிற்று. ஆனால் இலங்கைக்குள்ளேயிருந்து, பெரும் பதவி வகித்த ஒருவர் அக்கொடுமையை எடுத்துரைத்தமை சிறிய காரியமன்று.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அந்த நலச் சங்கம் தொழிலாளருக்காகப் பேசிய கற்றோர் சங்கமே. தொழிலாளர் தாமே கூடிய சங்கமன்று. லயத்திலிருந்தவன் அங்கத்தவனாகி, சந்தா கட்டி, தன் குறையைத் தானே சொல்லும் காலம் கோ. நடேசையர் 1931இல் அட்டனிலே தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த பின்னரே மலையகத்தில் வந்தது. அவ்வழியிலே முட்களை முதலில் அகற்றியவர் அருணாசலம். சிறை வாயிலில் நிற்பவனைச் சங்கத்தில் சேரென்று அழைத்துப் பயனென்ன?

தமிழருக்குக் கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படாமையாற் காங்கிரசை விட்டு அவர் விலகியது தனிக்கதை, கசப்பான கதை. அதனை அரசியல் நூல்கள் விரிவாகச் சொல்லும்.

தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றவர் 1924 சனவரி 9இல் மதுரையிலே காலமானார். அவ்வாண்டிலேயே புகையிரதம் பதுளை வந்து சேர்ந்தது. 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் நிறைவேறியது. 1930இல் கொழும்பிலே அவருக்குச் சிலை வைத்தனர். நலச் சங்கத்தில் அவருக்குக் கீழே காரியதரிசியாக இருந்த பெரி. சுந்தரம் 1931இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போட்டியின்றித் தெரிவாகி, இந்நாட்டின் முதலாவது தொழில் மந்திரியானார்.