ஊரையே கட்டிய சாக்லேட்காரர்!

சாக்லேட்டைத் தின்றுவிட்டு, தாளைக் கசக்கி எறிந்து விடுகிறோம். ஆனால், சாக்லேட் விற்ற பணத்தில் ஓர் ஊரையே கட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மில்டன் ஹெர்ஷி.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், டெர்ரி என்ற கிராமப் பகுதியில் 1857-ம் ஆண்டு செப்டம்பர் 13-ம் தேதி பிறந்தார் மில்டன். அப்பா எந்தத் தொழிலிலும் நிலைக்காதவர். குடும்பம் அடிக்கடி இடம் மாறியதால் பையனின் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. அச்சகத்தில் வேலைக்கு விட்டார்கள், ஒத்து வரவில்லை. பிறகு லங்காஸ்டரில் ஒரு மிட்டாய்க்காரரிடம் தொழில் கற்றார்.

1876-ல், பதினெட்டு வயதில், பிலடெல்பியாவில் சொந்தக் கடை போட்டார். அம்மாவும் அம்மாவின் சகோதரியும் கூட வந்து உழைத்தனர். ஆறு வருடத்தில் கடை மூழ்கியது. அடுத்து நியூயார்க், அங்கும் நஷ்டம்! இடையில் டென்வர் நகரில் வேலை பார்த்தபோது ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றிருந்தார். புதுப் பால் சேர்த்தால் கேரமல் மிட்டாய்க்குத் தனிச் சுவை வரும் என்பதே அது. ஊர் திரும்பி அதைச் செய்தார். வியாபாரம் பிடித்துக் கொண்டது. 1900-ல் அந்தக் கம்பெனியைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார்.

எதற்குத் தெரியுமா? சாக்லேட்டுக்காக! பால் சாக்லேட் அப்போது பணக்காரர்களின் பண்டம். அதை ஐந்து சென்ட் காசுக்கு எல்லாருக்கும் தர நினைத்தார்.

1903-ல் தொழிற்சாலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், தான் பிறந்த டெர்ரி. பெரிய நகரம் இல்லை, வயல்களும் மாடுகளும்தான். காரணம் இருந்தது. பால் சீக்கிரம் கெட்டுவிடும் அல்லவா? மாடு இருக்கும் இடத்துக்கே ஆலை போனால் கம்பெனிக்குப் புதுப் பால். விவசாயிக்குப் பாலை வாங்க வாசலிலேயே ஆள்! தொழிலாளர்களுக்கு மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடுகள், பள்ளி, பூங்கா எல்லாம் வந்தன. ஆட்களை ஏற்றிச் சென்ற டிராம் வண்டிகளே பாலையும் கொண்டு வந்தன. ஊருக்கே ஹெர்ஷி என்று பெயர்!

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நினைத்து விடாதீர்கள். வேலை, வீடு, கடை எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் எதிர்த்துப் பேசுவது கடினம்தானே? 1937-ல் சங்க உரிமை கேட்டுத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து விட்டனர். ஆலை நின்றதால் பால் விற்காமல் போன விவசாயிகள், வேலைநிறுத்தத்தை விரும்பாத தொழிலாளர்களுடன் சேர்ந்து உள்ளே புகுந்து, அவர்களை அடித்து விரட்டினர். பலருக்குக் காயம். ஹெர்ஷி மிகவும் மனம் உடைந்து போனார். சங்கம் பின்னால் அமைந்தது.

அவருக்கும் மனைவி கேத்தரினுக்கும் குழந்தை இல்லை. அதனால் 1909-ல் அநாதைச் சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கினர். (இருவரும் டைட்டானிக் கப்பலில் வர இருந்தவர்கள், முன்பணமும் கட்டியாயிற்று. நல்ல வேளை, வேறு கப்பலில் முன்னதாகவே திரும்பி விட்டனர்!) கேத்தரின் 1915-ல் காலமானார். 1918-ல் தன் சாக்லேட் கம்பெனிப் பங்குகளை அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கே எழுதி வைத்தார் ஹெர்ஷி. ஊர் உலகத்துக்கு அது தெரியவே சில வருடங்கள் ஆயின!

1945 அக்டோபர் 13-ல், 88-வது வயதில் மறைந்தார். முதலில் நாலே பையன்கள் சேர்ந்த அந்தப் பள்ளியில் இன்று சுமார் இரண்டாயிரம் மாணவ, மாணவியர். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். சாக்லேட் விற்ற காசில்தான்!