பசியை நோயாகப் பார்த்த வள்ளலார்: கொரோனாவுக்குப் பிறகு அவரை எப்படிப் புரிந்துகொள்வது?

2022 ஜனவரி 18, தைப்பூசம். வழக்கமாக கூட்டம் அலைமோதும் வடலூர் ஜோதி தரிசனம், கொரோனா மூன்றாவது அலையால் பொதுமக்கள் இல்லாமலேயே நடந்தது. ஆனால் இந்த ஊரை உருவாக்கிய வள்ளலாருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழசு.

யார் இவர்?

சிதம்பரம் அருகே மருதூரில் 1823 அக்டோபர் 5-ல் பிறந்தவர் ராமலிங்கம். அப்பா ராமையா, அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, குடும்பம் பொன்னேரிக்கும் பிறகு சென்னைக்கும் போனது. அண்ணன் சபாபதியின் வீட்டில்தான் வளர்ந்தார். பள்ளிப் படிப்பில் மனசு ஒட்டவில்லை. கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று இருந்தார்.

1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பி சிதம்பரம் பக்கம் வந்தார். கருங்குழியில் சுமார் 9 ஆண்டுகள் தங்கினார். 1865-ல் சாதி, மத வேறுபாடு பார்க்காத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார்.

ஏன் அடுப்பு மூட்டினார்?

1866-ல் ஒடிசாவிலும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் பஞ்சம். மறு வருடம், 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார் வள்ளலார். வந்தவர் யார் என்று கேட்காமல் சோறு போடும் இடம் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

பசியை அவர் வெறும் ஏழ்மையாகப் பார்க்கவில்லை, ஒரு நோயாகவே பார்த்தார். பசித்தவரின் கண், காது, அறிவு என ஒவ்வொன்றும் எப்படித் தளர்கிறது என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் விவரித்திருக்கிறார். சத்துக்குறைவு நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அவர் மறைவுக்குப் பின் வந்த 1876-78 பெரும் பஞ்சத்தில் பசியோடு காலராவும் பெரியம்மையும் சேர்ந்தே உயிர்களைப் பறித்தன.

கொரோனாவில் என்ன நடந்தது?

2020 மே மாதம், சென்னை கோயம்பேடு சந்தையில் வேலை இழந்த தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பியதும் கடலூர் மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை எகிறியது. கூலி நின்றுபோன வீடுகளுக்கு நோயும் பசியும் ஒரே நேரத்தில் வந்தன. அரசு ரேஷனில் இலவச அரிசியும் 1,000 ரூபாயும் கொடுத்ததும் அதனால்தான்.

அப்போ அவர் சொன்ன மூலிகைகள்?

கரிசலாங்கண்ணி, தூதுவளை பற்றியெல்லாம் எழுதியவர் வள்ளலார். காய்ச்சிய நீரைக் குடிக்கச் சொன்னார். தண்ணீரில் பரவும் காலராவுக்கு அது நல்ல தடுப்பு. ஆனால் கொரோனா காற்றில் பரவும் வைரஸ். வெந்நீரோ கீரையோ அதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படி ஃபார்வர்டு வந்தால் நம்பி, தடுப்பூசியையோ டாக்டரையோ தள்ளிப்போட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அவசரநிலையை முடித்துக்கொண்டது. வைரஸ் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. முதியவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னமும் அதிகம். தொற்று வந்து மூன்று மாதம் கழித்தும் சோர்வு, மூச்சிரைப்பு, மறதி தொடர்ந்தால் அது லாங் கோவிட்டாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

கடைசி ஆண்டுகள்

1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போன வள்ளலார் திரும்ப வரவில்லை. ஜோதியில் கலந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அவர் பிறந்தநாளை 2021 முதல் தமிழக அரசு தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கிறது.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது முதலில் யாரைச் சாய்க்கும் என்பது தெரியும்: சரியாகச் சாப்பிட வழியில்லாதவரை.